மானாமதுரைக்கு உறுப்பினர் இல்லாத 20 மாதங்கள்

காரைக்குடியில் தேர்தல் பேச்சு எழுந்தால், கட்சி மாறியவர்களின் பட்டியல் தானாகவே வந்துவிடும். அந்தப் பட்டியலில் உள்ள எல்லாரையும் ஒரே வசையில் அடக்குவது எனக்கு ஒப்பவில்லை. சிவகங்கைத் தொகுதியில் 1991இல் காங்கிரஸ் வேட்பாளராக வென்ற ப. சிதம்பரம், 1996 தேர்தலின்போது மூப்பனாருடன் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரஸில் நின்று வென்றார். 1998இலும் வென்று, 1999இல் தோற்று, 2004இல் மீண்டும் காங்கிரஸ் வேட்பாளராக வந்து வென்றார். அவருடைய முடிவுகளைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒவ்வொரு முறையும் தீர்ப்புச் சொன்னவர்கள் தொகுதி மக்கள்தாம்.

நகரத்தார் வழக்கில் பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது தத்தெடுத்தால், அந்தப் பையன் புதிய தகப்பனாரின் கோயிலைச் சேர்ந்தவனாகிவிடுகிறான். ஆனால் அது இரு வீட்டாரும் பங்காளிகளும் அறிய, சபையில் நடக்கும் காரியம். பதவிக்காலத்தின் நடுவில் கட்சி மாறுபவரிடம் நான் கேட்பதும் அந்த வெளிப்படைத்தன்மையைத்தான்: பதவியை விட்டு விலகி, புதிய சின்னத்தோடு அதே வாக்காளர் முன் வந்து நிற்க வேண்டும்.

1985இல் அரசமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இதைச் செய்வதாகத் தோன்றும், உண்மையில் செய்வதில்லை. தனியாக மாறுகிறவர் பதவி இழப்பார். ஆனால் சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைவதற்கு ஒப்புக்கொண்டால் எவருக்கும் ஒன்றும் ஆகாது. மூன்றில் ஒரு பங்கினர் பிளவுபடலாம் என்றிருந்த சலுகையை 2003 திருத்தம் நீக்கியது. கூட்டமாக மாறும் வழி மட்டும் அப்படியே நிற்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை, தீர்ப்பளிப்பவர் பேரவைத் தலைவர் என்பது. 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தங்கள் கட்சியான அ.தி.மு.க.வின் அரசுக்கு எதிராகவே வாக்களித்த ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேரின் பதவி பறிபோகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல்வருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேர் செப்டம்பர் 18இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்து மானாமதுரை உறுப்பினரும் அவர்களில் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கத்தை உறுதிசெய்து, இடைத்தேர்தல் நடந்து 2019 மே மாதம் முடிவு வரும் வரை, ஏறத்தாழ 20 மாதங்கள் அந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. தவறு உறுப்பினருடையது என்றே வைத்துக்கொண்டாலும், தண்டனையை அனுபவித்தவர்கள் மானாமதுரைக்காரர்கள். இந்த அதிகாரம் பேரவைத் தலைவரிடமிருந்து விலகி, காலக்கெடுவுக்குக் கட்டுப்பட்ட ஒரு நடுவர் மன்றத்திடம் செல்ல வேண்டும்.

கட்சி சொல்லும்படி வாக்களிக்கக் கட்டாயப்படுத்தும் கொறடாவின் உத்தரவு நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாவுக்கும் மட்டும் போதும். மற்ற மசோதாக்களில் மாறுபட்டு வாக்களிப்பதைக் கட்சித் தாவலாகக் கருதக் கூடாது.

பதவி விலகி மீண்டும் தேர்தலில் நின்றாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்குக் கர்நாடகம் சான்று. 2019இல் பதவி விலகித் தகுதிநீக்கத்துக்கும் ஆளானவர்களில் பலர், டிசம்பர் இடைத்தேர்தலில் பா.ஜ.க. சார்பில் வென்று, பிறகு அமைச்சர்களும் ஆனார்கள். எனக்கு அதில் உவப்பில்லை. ஆயினும் வாக்காளர் அறிந்து அளித்த முடிவு அது. இடைத்தேர்தல் செலவை மாறுகிறவரே கட்டட்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னால், மனசாட்சிப்படி மாறும் உரிமை பணம் உள்ளவருக்கு மட்டுமே வாய்க்கும் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.