தூணைத் திருப்பினால் சுழலும் ஒளி

லேசர் கற்றையின் நட்டநடுவில் ஒரு கரும்புள்ளி. அதைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். எதையும் வைத்து யாரும் ஒளியை மறைக்கவில்லை. அலைமுகப்பு, அதாவது அலை ஒரே நிலையில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் பரப்பு, திருகாணியின் மரைபோல முறுகிச் செல்கிறது. கற்றையின் அச்சில் எல்லாக் கட்டங்களும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதே கட்டம்) ஒன்றுகூடி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. முறுக்கு எத்தனையோ, அதற்கேற்ற கோண உந்தம், அதாவது சுழற்சியின் உந்தம், ஒவ்வொரு ஃபோட்டானிலும் இருக்கிறது என்பதை 1992-ல் இயற்பியலாளர் லெஸ் ஆலனும் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகக் குழுவினரும் காட்டினார்கள்.

இந்தச் சுழலை உண்டாக்கச் சுருள்தட்டு என்ற பழைய வழி ஒன்று உண்டு. கண்ணாடியின் தடிமன் சுற்றிச் சுற்றி ஏறி, ஓரிடத்தில் செங்குத்தாக இறங்கும். 633 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு, ஒளிவிலகல் எண் 1.5 என்றால், ஒரே ஒரு முறுக்குக்கு அந்தப் படியின் உயரம் சுமார் 1.27 மைக்ரோமீட்டர். நிறத்தை மாற்றினால் படி பொருந்தாது.

எனக்குப் பிடித்தது வேறு வழி. 1956-ல் பெங்களூரில், இருபத்திரண்டு வயதில், இயற்பியலாளர் எஸ். பஞ்சரத்தினம் எழுதிய கட்டுரையில் அதன் வேர் இருக்கிறது. வட்டத் தளவிளைவு கொண்ட ஒளியில் மின்புலம் வட்டமாகச் சுழன்றபடி செல்லும். ஒளியின் ஒரு கூறை மற்றதைவிட அரை அலை பின்தங்கவைக்கும் அரை அலைத் தட்டைக் கடந்தால் அந்தச் சுழல்திசை புரளும். தட்டை எவ்வளவு கோணம் திருப்புகிறோமோ, அதைப்போல இரு மடங்கு கட்டம் ஒளியில் ஏறும். இடத்துக்கு இடம் தடிமனை மாற்ற வேண்டிய வேலையே இதில் இல்லை! ஆகவே ஒவ்வொன்றும் ஒரு குட்டி அரை அலைத் தட்டாக வேலை செய்யும், அலைநீளத்தைவிடக் குறுகிய தூண்களைப் பரப்பெங்கும் நட்டு, மையத்தைச் சுற்றி வரவர ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கிறார்கள். மொத்தம் அரைச் சுற்று போதும், கட்டம் முழுச் சுற்று ஏறிவிடும். நீள்சதுரத் தூண் அரைச் சுற்றில் பழைய நிலைக்கே வந்துவிடுவதால் எங்கும் படியோ தையலோ இல்லை. இதைவிட அழகான கட்டுமானத்தை நான் ஒளியியலில் கண்டதில்லை.

தூணுக்குப் பதில் திரவப் படிகம் வைத்தால் கட்டுப்பாடும் கைக்கு வரும். 2006-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் இயற்பியலாளர் லொரென்சோ மருச்சியின் குழு செய்துகாட்டிய தட்டு திரவப் படிகத்தால் ஆனது. சுழல்திசை புரளாமல் தப்பிய ஒளி நடுப்புள்ளியை வெளுக்கவைக்கும். இத்தகைய தட்டுக்கு மின்னழுத்தம் கொடுத்து அதை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், தட்டு உண்டாக்கும் பின்தங்கல் சரியாக அரை அலையைத் தொடும் இடத்தில் மையம் கன்னங்கரேலென்று ஆகும். உள்ளே விடும் ஒளியின் சுழல்திசையை மாற்றினால் முறுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

ஆனால் முறுக்கின் எண்ணிக்கை தட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. மின்னழுத்தத்தால் அதைத் தொட முடியாது. பிக்சல்களால் கட்டம் எழுதும் திரைகள் அதை மாற்றும், என்றாலும் அவற்றின் பிக்சல்கள் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அந்தச் சின்னஞ்சிறு தூண்களைத் தனித்தனியே, நினைத்த நேரத்தில் திருப்ப முடிகிற பரப்புக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.