பழைய ரிவால்வருக்கு விலை பார்ப்பது: புளியும் உப்புத்தாளும் ஆகாது

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது நம் வீட்டுப் பழக்கம். ராயபுரத்திலோ பெரம்பூரிலோ பழைய வீட்டுப் பரணைக் காலி செய்யும்போது தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று அகப்பட்டால், அதே பழக்கத்தில் கை உப்புத்தாளைத் தேடும். "என்ன விலை போகும்?" என்ற கேள்வி அப்புறம்தான் வரும். அதற்குள் விலையில் பெரும்பங்கு தேய்ந்து தரையில் கொட்டியிருக்கும். சேகரிப்பாளர் காசு கொடுப்பது பளபளப்புக்கு இல்லை, தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நீலப் பூச்சில் எவ்வளவு மிச்சம் என்பதற்குத்தான்.

விலைக்கு முன்னால் சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழைய ரகம் அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் அதில் ஒரு கொக்கி: ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். "நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்" என்று தெருவில் சொல்வது தப்பு. வாரிசாக வந்த ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டையும் அந்தக் கடையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும் அந்தக் கடைக்காரர்தான். தோட்டா போடும் ரகத்தில் பின்பக்கம் திறந்தாலே தெரிந்துவிடும். மருந்தையும் குண்டையும் தனித்தனியாக முன்பக்கம் இட்டு, பின்னால் கேப்பு (அடிபட்டால் பொறி தட்டும் சின்ன மூடி) வைத்துச் சுடும் ரகத்தில் அப்படித் தெரியாது. மூங்கில் குச்சியைச் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக விட்டு ஆழத்தை ஒப்பிடுவார்கள். ஒன்றில் மட்டும் ஆழம் குறைந்தால் உள்ளே மருந்தும் ஈயமும் உறைந்து கிடக்கிறது என்று அர்த்தம். எந்த ரகமானாலும் குதிரையை (பின்னால் இருக்கும் சுத்தியலை) இழுத்து வெறுமனே 'டக்' என்று அடித்துப் பார்க்கக் கூடாது. கேப்பு உட்காரும் நிப்பிள் நசுங்கும், பழைய ஸ்பிரிங் உடையும்.

அடுத்து, இது என்ன என்று அடையாளம் காண வேண்டும். நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது இங்கிலாந்துக் கம்பெனியான வெப்ளி, அதைப் போலச் செய்த பெல்ஜியம் சரக்கு, எப்போதாவது அமெரிக்கக் கம்பெனியான கோல்ட் செய்தது ஒன்று. வெப்ளி சர்வீஸ் ரிவால்வரின் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மார்க் எண் உண்டு. மார்க் 1, 1887-ல் வந்தது. மார்க் 4, 1899. மார்க் 5, 1913. மார்க் 6, 1915. மார்க் எண்ணைப் பிரேமிலேயே (ரிவால்வரின் உடற்சட்டத்திலேயே) பொறித்திருப்பார்கள். ஆறு அங்குலக் குழலும் சதுரமான கைப்பிடியும் இருந்தால் பெரும்பாலும் மார்க் 6. அதில் தயாரித்த ஆண்டும் இடப்பக்கம் இருக்கும்.

முத்திரைகளைப் பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதுவது போல இருந்தால், சேவையிலிருந்து முறைப்படி விற்றுக் கழித்தது. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகளும் அடியில் நட்சத்திரமும் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. மேலே 'புல்டாக்' என்று வெப்ளி ரகத்தின் பெயரை எழுதியிருந்தாலும் இங்கிலாந்து விலையை மறந்துவிடலாம். எழுத்துப் பிழை, இடவலம் திரும்பிய 'என்' எழுத்து, ஆழம் ஒரே மாதிரி இல்லாத பொறிப்பு ஆகியவை தென்பட்டால், பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் அரத்தால் ராவிச் செய்த நகல் என்று சந்தேகப்படலாம். கோல்ட் கம்பெனியின் '1851 நேவி' என்ற கேப்பு ரிவால்வரில் இன்னொரு ஏமாற்று உண்டு: இத்தாலியில் புதிதாகச் செய்த நகல்கள். 'பிளாக் பவுடர் ஒன்லி' என்ற வாசகமோ, நட்சத்திரத்துக்குக் கீழே பி.என். எழுத்துகளோ இருந்தால் அது பழம்பொருளே இல்லை. சில விஷமிகள் அந்த எழுத்தையும் ராவி எடுத்துவிடுவார்கள். குழலில் ஓர் இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகத் தெரிந்தால் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

பிறகு வரிசை எண். கோல்ட் நேவியில் குழல், பிரேம், விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்), கைப்பிடிப் பட்டை, சிலிண்டர், குழலைப் பிடிக்கும் ஆப்பு என்று பல இடத்தில் எண் இருக்கும். அடிக்கடி தொலைந்து வேறு போட்டிருப்பது அந்த ஆப்புதான். அதற்காக விலை பெரிதாகச் சரியாது. சிலிண்டர் எண் வேறாக இருந்தால் கதை வேறு. மூன்றில் ஒரு பங்காவது கழித்துத்தான் பேச்சைத் தொடங்குவேன்.

பூச்சைக் கணக்கிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மொத்தமாகப் பார்த்து "பாதி இருக்கு" என்பார்கள். பகுதி பகுதியாகப் பிரித்துப் போட வேண்டும். மொத்தம் நூறில் குழலுக்கு 40, பிரேமுக்கு 25, சிலிண்டருக்கு 20, விசைக்காப்புக்கும் பட்டைக்கும் சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளலாம். குழலில் 30 சதவீதம் மிச்சம் என்றால் 12. பிரேமில் 60 சதவீதம், 15. சிலிண்டரில் 20 சதவீதம், 4. பட்டையில் 10 சதவீதம், ஒன்றரை. கூட்டினால் 32.5. அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வின் தர வரிசையில் பழம்பொருளுக்கு 'ஃபைன்' என்றால் எல்லாப் பாகமும் அசல், பூச்சு 30 சதவீதத்துக்கு மேல். 80-ஐத் தாண்டினால் 'எக்ஸலன்ட்'. மறுபூச்சு போட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் 'குட்' வரிசைக்கு இறங்கிவிடும்.

மறுபூச்சை எப்படிப் பிடிப்பது? ஆணித் துளையின் விளிம்பு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். தேய்க்கும் சக்கரம் செய்த வேலை அது. எட்டுப்பட்டைக் குழலின் மூலைகள் மழுங்கியிருக்கும். எழுத்தின் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மங்கல். துரு தின்ற குழிக்குள்ளேயும் நீலம் இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அசல் பூச்சு தேய்ந்து பழுப்பேறினால், கை படும் இடத்தில் முதலில் போய், மடிப்புகளில் மிஞ்சி நிற்கும். ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். நிக்கல் முலாம் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

காசிமேட்டு உப்புக்காற்றுக்கு இதில் தனிப் பங்கு. இங்கே வருஷக்கணக்கில் கிடந்த இரும்பில் ஊசி குத்தியது போல் குழிகள் இருக்கும். அவற்றை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. புதுச் செந்துருவை மட்டும் லேசான எண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்துப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

இனி விலை. வெளிநாட்டு ஏலத்தில் முடிந்த விலையை (எதிர்பார்ப்பு விலையை அல்ல) எடுத்து ரூபாயில் பெருக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பணம் நம் கைக்கு எட்டாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்த ஏல விலையை இரண்டு ரகங்களுக்கிடையே உள்ள விகிதம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். உள்ளூரில் நிலவரம் தலைகீழ். .455 தோட்டா ஏற்கிற வெப்ளி தடை செய்யப்பட்ட ரகம். வரலாறு எவ்வளவு கனமாக இருந்தாலும் வாங்கக் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதே கம்பெனியின் சாதாரண .32-க்கோ, இறக்குமதி நின்றுபோனதால் லைசென்ஸ்காரர்களிடம் கிராக்கி. அது உபயோக மதிப்பு. அதைச் சேகரிப்பு மதிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கதைக்கும் விலை உண்டு, எழுத்தில் இருந்தால். பழைய லைசென்ஸ் புத்தகம், ரெஜிமென்ட் பொறிப்பு, கடைப் பெயர். கல்கத்தா ராடா, மான்டன் போன்ற பழைய துப்பாக்கிக் கடைகளின் பெயர் இருந்தால் சேகரிப்பாளர் நிமிர்ந்து உட்காருவார். பெரம்பூர் ரயில்வே குடும்பம் என்றால், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ரைபிள்ஸ் படையின் காகிதம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். "மூர் மார்க்கெட்டில் வாங்கினது" என்பது சான்று இல்லை. மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனபின், அங்கே வாங்கியதாகச் சொல்லப்படும் பொருள்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் இருக்கிறது.

மரப்பெட்டி, மருந்துக் குடுவை, குண்டு வார்ப்பு அச்சு எல்லாம் சேர்ந்து வந்தால் விலை நன்றாக ஏறும். ஆனால் பெட்டியின் வெல்வெட்டில் பதிந்துள்ள தடமும் ரிவால்வரின் வடிவமும் பொருந்த வேண்டும். தோலுறைக்கும் தனி விலை உண்டு, பிரித்து வையுங்கள்: தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலம் இரும்பைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் உறைக்குள்ளேயே கிடந்தால் போதும், குழலின் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் நிறமாகிவிடும்.