பேச வேண்டாத வேடம்

“பேச வேணாம்னுதானுங்களா அய்யா?”

அவ்வளவுதான் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கையிலிருந்த வசனத் தாளை இரண்டாக மடித்துக்கொண்டே கேட்டாள். “அதில்லம்மா, அது ரொம்பக் கஷ்டமான வேடம். உன்னாலதான் முடியும்” என்றேன். இரண்டு வருடம் ஆகப் போகிறது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

ஆண்டு விழாவுக்குப் பொன்னியின் செல்வனிலிருந்து இரண்டு காட்சிகள் போடலாம் என்று சொன்னவன் நான்தான். படத்தின் இரண்டு பாகமும் வந்து முடிந்திருந்த சமயம். புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளுக்கும் வந்தியத்தேவனைத் தெரிந்திருந்தது. லதா மண்டபத்தில் நந்தினியை வந்தியத்தேவன் சந்திப்பது ஒரு காட்சி. சுந்தர சோழர் மேல் எறிந்த வேலை ஊமை ராணி மந்தாகினி தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாவது இன்னொன்று.

நந்தினிக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் இவள் ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் ஒரு பக்கம் ஆந்திரா, இன்னொரு பக்கம் கர்நாடகா. என் வகுப்பில் பாதிப் பேர் வாசல்படி வரைதான் தமிழ் பேசுவார்கள்.

மூன்று பேரில் தாளைப் பார்க்காமல் சொன்னவள் அவள் மட்டும்தான். நின்ற நிலை, கண்ணைச் சற்றே தாழ்த்திப் பிறகு நிமிர்த்திய விதம், மோதிரத்தை நீட்டும்போது கையை முழுதாக நீட்டாமல் பாதியில் நிறுத்தியது, எதுவும் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. ஆனால் “பழுவூர்” அவள் வாயில் “பளுவூர்” ஆயிற்று. “சோழர் குலம்” என்ற இடத்தில் “சோளர் குலம்” என்றாள். கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர்களை அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் அவள் பெயருக்கு நேரே மந்தாகினி என்று நான் எழுதியது அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான். இந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நந்தினி வேடம் சேலத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்குப் போனது. உச்சரிப்பு சுத்தம். நல்ல பிள்ளை, அவள் மேல் எந்தக் குறையும் இல்லை. தலைமையாசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நந்தினி கொஞ்சம் கலரா இருக்கணும்ல சார், பொருத்தமாப் போச்சு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்தது நிறத்தை அல்ல, உச்சரிப்பை மட்டும்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததால், அது முழு உண்மைதானா என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

பாத்திரத்துக்கு ஆள் பொருந்த வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். கல்கி 1950இலிருந்து 1954 வரை வாரம் வாரம் எழுதிய கதை அது. மணியம் வரைந்த முகங்களோடுதான் அது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு வந்தியத்தேவன் இருக்கிறான். படத்துக்கு நடிகர்களை அறிவித்தபோது ஆசிரியர் அறையில் அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான். ஆழ்வார்க்கடியான் நாவலில் குட்டையான ஆள், கட்டை உடம்பு, முன்குடுமி. படத்தில் அந்த வேடத்துக்கு வந்த ஜெயராம் நல்ல உயரம். தொப்பை வைக்கலாம், உயரத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்கள் என்று கேட்டேன். அப்புறம் படம் பார்த்தேன். பத்து நிமிடத்தில் உயரம் மறந்துவிட்டது. அந்த வாய்ச்சவடாலும் கண்ணில் இருந்த கள்ளத்தனமும் போதுமாக இருந்தன. அப்படி மறந்ததை ஆசிரியர் அறையில் யாரிடமும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது அதே பிடிவாதத்தோடுதான் உட்கார்ந்தேன். நாவலுக்கு உண்மையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த நாவல்தான் இப்போது என்னைப் பிடித்துக் கேட்கிறது. நந்தினியும் மந்தாகினியும் ஒரே முகம். அந்தச் சாயல் ஒற்றுமையில்தான் கதையின் பாதி முடிச்சு கிடக்கிறது. படத்திலும் இரண்டு வேடங்களையும் ஐஸ்வர்யா ராய்தான் செய்தார். இவளுக்கு நந்தினியின் முகம் இல்லை என்றால் மந்தாகினியின் முகமும் இல்லை. மந்தாகினிக்குப் பொருந்துகிறாள் என்றால் நந்தினிக்கும் பொருந்தித்தான் ஆகவேண்டும். இரண்டு வேடத்துக்கும் நடுவே மிச்சமிருக்கும் வித்தியாசம் ஒன்றுதான். ஒருத்தி பேசுகிறாள், ஒருத்தி பேசுவதில்லை. பதினாறு வயதுப் பெண் அதை நின்ற இடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். புத்தகத்தை நான்கு முறை படித்த எனக்கு, அவள் கேட்ட அன்றைக்கு இரவு படுக்கையில்தான் உறைத்தது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊமை ராணி சாதாரண வேடம் இல்லை. காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைத் தூக்கிக் கரை சேர்த்தவள். இலங்கையில் படம் வரைந்து காட்டித்தான் தன் கதையை அவனுக்குச் சொல்கிறாள். ஒரு வசனமும் இல்லாமல் அவள் படிக்கிறவர் மனதில் அப்படி நிற்கிறாள். கண்ணாலேயே பேசத் தெரிந்தவள் செய்ய வேண்டிய வேடம், அது எங்கள் பள்ளியில் அவளுக்குத்தான் வரும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். இன்னொன்றும் உண்டு. திரையில் நந்தினிக்குக் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். ஐஸ்வர்யா ராயின் தாய்மொழி துளு. சினிமாவில் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று பிரித்துக்கொள்ளலாம். பள்ளி மேடையில் ஒரு மைக்தான். எதிரே நானூறு பேர். அத்தனை பேர் முன்னால் அந்தக் கடைசி பெஞ்சுச் சிரிப்பை அவள் மறுபடி கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் விழாவுக்கு நான்கு வாரம் இருந்தது. நாக்கின் நுனியை மேலே வளைத்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தைக் காட்டி வகுப்பில் நடத்துகிறவன் நான். தினமும் மதியம் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அவளுக்கு வந்திருக்கும். ழகரம் வராத பிள்ளைக்கு ழகரம் சொல்லிக்கொடுக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. நான் ழகரமே வராத வேடம் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

அதைவிட உறுத்துவது வேறு. அந்த வாரம்தான் வகுப்பில் முள்ளும் மலரும் பற்றிப் பேசியிருந்தேன். உமாசந்திரனின் நாவல், மகேந்திரன் 1978இல் படமாக்கினார். காளி வேடத்துக்கு ரஜினிகாந்த் என்றதும் தயாரிப்பாளர் தயங்கினார். கறுப்பு நிறம், வில்லனாக நடித்துக்கொண்டிருந்தவர், இந்த வேடத்துக்கு எப்படி என்று. அவர் இல்லாமல் இந்தப் படம் இல்லை என்று மகேந்திரன் நின்றார். இன்றைக்கு வேறு யாரையாவது காளியாக நினைக்க முடிகிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ரஜினியின் பூர்வீகம் எங்களுக்குப் பக்கத்து நாச்சிக்குப்பம். வீட்டில் பேசியது மராத்தி, வளர்ந்தது பெங்களூரு, தமிழ் பிறகுதான் வந்தது. அதனால் இந்தக் கதையைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அவளும் அன்றைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுத்தான் நந்தினிக்குப் பெயர் கொடுத்தாளோ என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சின்ன வயதில் பாரதக் கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்தவன் நான். திரௌபதியாக வருகிறவர் பகலில் ஏர் ஓட்டுகிற மாமா. அரிதாரத்துக்கு மேலேயும் மீசை மழித்த பச்சை தெரியும். அவர் கூந்தலை விரித்துப்போட்டுச் சபதம் செய்தால் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவர் பொருந்துகிறாரா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்த மண்ணில் வளர்ந்த எனக்கு எங்கிருந்து இந்த அளவுகோல் வந்தது என்று தெரியவில்லை.

ஒத்திகையின் மூன்றாவது வாரம் நந்தினிக்குக் காய்ச்சல். காட்சி ஓட வேண்டுமே என்று இவளை நிற்கச் சொன்னேன். தாள் கேட்கவில்லை. முழு வசனமும் அவளுக்கு மனப்பாடம். “பளுவூர்” என்றுதான் சொன்னாள், இரண்டு இடத்தில் வாக்கியத்தின் முடிவில் தெலுங்கு இழுப்பு. யாரும் சிரிக்கவில்லை. வந்தியத்தேவனாக நின்ற பையன் தன் வசனத்தை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பழுவூர் இளையராணியான நந்தினியே பாண்டிய நாட்டில் வளர்ந்து வந்தவள்தானே, அவள் பேச்சு தஞ்சாவூர் அரண்மனைக்காரர்கள் பேச்சு மாதிரிதான் இருந்திருக்கும் என்று யார் சொன்னது? நாவலில் அரசி முதல் கோடிக்கரைப் படகுக்காரி வரை எல்லாரும் ஒரே எழுத்துத் தமிழ்தான் பேசுகிறார்கள். அது கல்கியின் தமிழ். இதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தோன்றியது.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டு அந்தப் பெண் வந்தாள். வேடத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் உழைத்தவளிடமிருந்து பிடுங்க முடியாது. அது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சரியான முடிவு என்றால் அதற்கு முந்தைய தவறான முடிவு ஏன் அதனால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் புரியவில்லை.

விழாவில் ஊமை ராணிக்குத்தான் அதிகக் கைத்தட்டல். வேல் பாய்ந்ததும் அவள் அரசர் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் முன்வரிசை அப்படியே அடங்கிப்போனது. நான் மேடைக்குப் பின்னால் போய், “பார்த்தியா, நான் சொன்னேன்ல?” என்றேன். “ஆமாங்க அய்யா” என்றாள். முகத்தில் பூசியிருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படித்தே ஆகவேண்டும். தாய்மொழி வேறாக இருக்கும் பெற்றோர் கவலையோடு வந்து நிற்கும்போதெல்லாம், தமிழ் உங்கள் பிள்ளைக்கும் சொந்தம்தான் என்று தைரியம் சொல்லி அனுப்புவேன். இடைநின்ற பிள்ளைகளைத் தேடி ஊருக்குள் போகும்போது என் அரைகுறைத் தெலுங்கில்தான் பேசுவேன். வேலையில் சேர்ந்து பதினான்கு வருடமாகியும் அது திருந்தவில்லை. ஒரு வீட்டிலும் யாரும் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு வந்தாள். அவர் என்னை “அய்வாரு”, அதாவது வாத்தியாரே, என்று கூப்பிட்டு, தெலுங்கில் நலம் விசாரித்தார். நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். ஒரு சொல் தவறாக வந்ததை அவளே மெதுவாகத் திருத்தினாள். நான் திருத்திச் சொன்னேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். நர்சிங் என்றாள். அன்றைக்கு நீ கேட்டது சரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார், பின்னால் வரிசை நீண்டிருந்தது. “நல்லாப் படிம்மா” என்றேன்.

“சரிங்க அய்யா” என்று சான்றிதழை வாங்கி, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.