ஜூஜூவாடி தாண்டினால் ரோமிங்

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு, 2010களின் தொடக்கத்தில், மாநில எல்லை என்பது சோதனைச் சாவடியில் தெரிந்ததைவிடச் சட்டைப்பையில்தான் தெளிவாகத் தெரிந்தது. பேருந்து ஓசூரை விட்டு ஜூஜூவாடியை நெருங்கும்போது கைப்பேசி ஒருமுறை அதிரும். எடுத்துப் பார்த்தால், கர்நாடகத்துக்கு நல்வரவு என்று தொடங்கி, இனி வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு என்று முடிகிற குறுஞ்செய்தி ஒன்று காத்திருக்கும். கைப்பேசிக் கோபுரத்துக்கு எல்லைக்கல் தெரியாது என்பதால், தமிழ்நாட்டு மண்ணில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே கர்நாடகக் கட்டணம் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

ரோமிங்கில், அதாவது சொந்த மாநிலத்துக்கு வெளியே இருக்கும்போது, வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு ரூ.1.75 வரை பிடிக்கலாம் என்றிருந்த உச்சவரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் 75 காசாகவும், 2015 மே மாதத்தில் 45 காசாகவும் குறைத்தது. இன்று அற்பமாகத் தோன்றும் இந்தக் காசுகள்தான் எங்கள் வீட்டின் பேச்சு முறையையே தீர்மானித்தன. ஒரு ரிங் விட்டு வைத்தால் 'நேரம் கிடைக்கும்போது கூப்பிடு' என்று பொருள். இரண்டு ரிங் என்றால் 'வந்து சேர்ந்துவிட்டேன்'. மூன்றாவது ரிங்கும் அடித்தால் ஏதோ நடந்திருக்கிறது, எவனிடமாவது கடன் வாங்கி டாப் அப் போட்டாவது பேசியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா இந்த இலக்கணத்தில் ஒருநாளும் பிழை செய்ததில்லை.

அந்தக் காலத்துக்கென்று ஒரு சொல்வரிசையே இருந்தது. பத்து ரூபாய்க்குப் போட்டால் ஏழு ரூபாய் சொச்சம் ஏறும் டாப் அப், நிமிடக் கட்டணத்தைக் குறைக்கும் ரேட் கட்டர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் செல்லாமல் போகும் எஸ்எம்எஸ் பேக், ஆளில்லா நேரத்தில் பயன்படுத்தச் சொல்லும் இரவு நெட் பேக் என்று அது நீளும். பாட்டு வேண்டுமென்றால் கைப்பேசிக் கடைக்குப் போய் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அப்படி ஒரு கடையில் கார்டைக் கொடுத்தபோது, வைரஸ் இருக்கிறது என்று சொல்லி அதைத் துடைத்து, மேலே முந்நூறு பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தார்கள். போனது அக்காவின் திருமணப் படங்கள். அந்த முந்நூறில் பாதி எனக்குப் பிடிக்காத பாட்டு என்பது தனிக் கதை.

காசைப் போலவே பேச்சும் எல்லையில் மாறியது. பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திரத்தில் ஏழு பேர் தங்கியிருந்த எங்கள் அறையில் கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தோம். கன்னடம் அரைகுறையாக ஒட்டிக்கொண்டது. நண்பனை 'குரு' என்று விளிப்பதும், சாப்பாடு நன்றாக இருந்தால் 'சக்கத்தா இருக்கு' என்பதும் அங்கே பிடித்த பழக்கங்கள். விடுமுறைக்கு ஊர் வந்து அப்படிப் பேசினால், பெங்களூர்க்காரன் வந்துட்டான் என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் அடுத்த மாதம் அவர்கள் வாயிலும் 'சக்கத்து' இருக்கும். அதே வேகத்தில் நம்முடைய 'மச்சா'வைக் கன்னடப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். சொற்கள் பேருந்தில் பயணம் செய்தன. ஒரு சொல் ஓசூரிலிருந்து அரூருக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அழைப்பு இலவசம், ரோமிங் என்ற பேச்சே இல்லை, இணையமும் முதலில் டிசம்பர் வரை, பிறகு அடுத்த மார்ச் வரை இலவசம் என்றதும் கைரேகை வைத்து சிம் வாங்க நின்ற கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதில் தக்காளி மண்டியில் பட்டபாடு தனியாக எழுத வேண்டியது. பணத்தைக் கைப்பேசியில் அனுப்பும் பழக்கம் அப்போதே முளைவிட்டாலும், எங்கள் பக்கம் வேர் பிடிக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. கூகுள் 2017இல் தேஸ் என்ற பெயரில் தொடங்கிய செயலி 2018 ஆகஸ்டில் கூகுள் பே ஆனது; பெயர் மாறிய பிறகே 'ஜிபே பண்ணு' என்ற வினைச்சொல் பிறந்தது. தேஸ் என்ற பெயரே நிலைத்திருந்தால் தமிழில் என்னவென்று சொல்லியிருப்போம் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்றுதான். யூடியூபும் மீம்களும் எல்லோர் கையிலும் வந்த பிறகு, ஒரு சொல் மாதக்கணக்கில் பயணம் செய்வது நின்றுபோனது. திருநெல்வேலியில் ஒருவன் 'வேற லெவல்' என்று சொன்ன அன்றைக்கே தேன்கனிக்கோட்டையிலும் அது வேற லெவல்தான். 'கெத்து', 'தெறி', 'ப்ரோ' எல்லாம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் விநியோகம் ஆயின. அறையில் புதிதாக வந்து சேர்ந்த பையன்களிடம் 'சக்கத்' என்றால் புரியாமல் பார்த்தார்கள். 'குரு' என்று கூப்பிட்டால் தங்களை வாத்தியார் என்று கேலி செய்வதாக நினைத்தார்கள். டிக்டாக் 2020 ஜூனில் தடை செய்யப்படும் வரை, வாயசைத்து நடித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வசனங்களில் எங்கள் ஊர்ப் பேச்சு அநேகமாக இல்லை.

திருப்பித் தரப்படும் 1,500 ரூபாய் வைப்புத்தொகை கட்டி அம்மாவுக்கு ஜியோபோன் வாங்கிக் கொடுத்தேன். 2018 செப்டம்பரில் அதில் வாட்ஸ்அப் வந்ததும், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்பக் கற்றுக்கொண்டார். அவர் அனுப்பும் குரல் செய்திகளில் மழை பெய்ததா, தக்காளிப் பெட்டி என்ன விலை போனது, மாங்காயைப் பழச்சாறு ஆலைக்குக் கொடுத்தார்களா என்பதெல்லாம் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் இருக்கும். எழுத்து தேவைப்படாத அந்த ஒரு பொத்தானுக்காகவே அந்தப் பத்தாண்டை நான் மன்னிக்கத் தயாராக இருக்கிறேன்.

அதன் பிறகும் ஒன்று மட்டும் மாறவில்லை. 2019 பொங்கல் முடிந்து பெங்களூர் திரும்பியதும், பேச்சுதான் இலவசமாயிற்றே என்று அம்மாவை அழைத்தேன். இரண்டு ரிங் போனதும் அழைப்பைத் துண்டித்துவிட்டார். மறுபடி அழைத்தேன், மறுபடியும் அதேதான். மறுநாள் காலையில் கேட்டபோது, "ரெண்டு ரிங்குலயே நீ போய்ச் சேந்துட்டது தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்குடா எடுக்கணும்?" என்றார்.