ஆரையம்பதியிலிருந்து ஒரு சி.டி.எஸ். கணக்கு: எங்கே இழுபடும், எதை முதலில் எடுக்க வேண்டும்

கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு வாங்க சி.டி.எஸ். கணக்கு வேண்டும், வாங்கிய பங்குகள் நம் பெயரில் பதிவாகி நிற்கும் கணக்கு அது. அதைத் திறப்பது ஃபோனிலேயே முடிகிற வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். படிவம் நிரப்பி, அடையாள அட்டையைப் படம் பிடித்து ஏற்றுவது ஒரு பின்னேரத்தில் முடிந்ததும் உண்மை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கலியாணம் முடித்த பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கூடுதலாக இழுபடுவது நமக்குத்தான்.

என் அடையாள அட்டையில் அப்பாவின் பெயர். சம்பளம் விழும் வங்கிப் புத்தகத்தில் கணவரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று எழுத்தில் வரும்வரை, நமக்காகப் பங்கு வாங்கி விற்கும் தரகர் நிறுவனம் அசையவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பங்கு விற்ற காசும், கம்பனி தன் லாபத்தில் பிரித்துத் தரும் பங்கிலாபமும் அந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரப்போகிறது, ஆள் யாரென்று உறுதியாகத் தெரிய வேண்டும். என் கோபம் வங்கிக் கிளை மேல்.

பாடசாலை விட்டு, பஸ் பிடித்து, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து சேர இரண்டே கால் ஆகிவிடும். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் நம்பர் எடுத்துக் காத்திருந்து கவுண்டருக்குப் போனால், "டீச்சர், இப்பிடிக் கடிதமெல்லாம் நாங்க குடுக்க ஏலாது. ஹெட் ஒஃபிஸ்ல கேளுங்க" என்று நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார் அந்த உத்தியோகத்தர். ஹெட் ஒஃபிஸுக்குக் கோல் எடுத்தால், "உங்கட கிளையிலதான் செய்யலாம்" என்றார்கள். திரும்பப் போனால் அதே கவுண்டர், அதே பதில்.

கடைசியில் உள்ளே போய் செகண்ட் ஒஃபிசரைக் கண்டேன். அவர் ஒரு நிமிடத்தில் வழி சொன்னார். கடிதம் கேட்கக் கூடாதாம், கணக்கு விபரத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டுமாம். விவாகச் சான்றிதழின் பிரதி, இரண்டு பெயரும் என்னுடையதே என்று சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி, இவ்வளவும் போதும். அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை மாற்றி, அட்டை இலக்கமும் சேர்த்து, சீல் வைத்த ஸ்டேட்மென்ட் ஒன்றை அங்கேயே அடித்துத் தந்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது. ஆகவே கவுண்டரில் நின்று வாதாடி நேரத்தை விடாதீர்கள். நேரே உள்ளே போங்கள்.

அடுத்த இழுபறி விலாசம். அடையாள அட்டையில் களுவாஞ்சிக்குடி, அம்மா வீடு. இப்போது இருப்பது ஆரையம்பதி. லைட் பில்லும் தண்ணி பில்லும் மாமியின் பெயரில். என் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. கிராம சேவகரிடம் போனால், "ஷெயார் வாங்க என்ட கடிதம் என்னத்துக்குப் பிள்ளை?" என்று உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். விளங்கப்படுத்தியதும், வதிவிடத்தை உறுதிப்படுத்துவதற்கு என்று தெளிவாக எழுதித் தந்தார். அதைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. ஃபோனில் எடுத்த படத்தில் சீல் வாசிக்க முடியவில்லையாம். கொமினிகேஷன் கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் ஏற்றார்கள். எல்லாக் கடதாசியையும் முதலிலேயே ஸ்கேன் எடுங்கள். நூறு இருநூறு ரூபாயைப் பார்த்தால் ஒரு கிழமை போய்விடும்.

கணக்கு இலக்கம் வந்த கையோடு வேறு தலையிடி தொடங்கியது. தரகர் நிறுவனத்தின் ஆலோசகர் ஒருவர், நான் வகுப்பில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கோல் எடுப்பார். "மிஸ், இண்டைக்கு இதை எடுங்க, நாளைக்கு ஏறும்." இரண்டு நாள் கழித்து, "அதை வித்துட்டு இதுக்கு மாறுங்க." ஒரு கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். பத்துக் கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கட்டணம் 1.12 வீதம். 20,000 ரூபாய்க்கு வாங்கினால் 224 ரூபாய் போகும். அதில் 128 தரகருக்கு, 60 அரசாங்க வரிக்கு, மிச்சம் பங்குச் சந்தை, சி.டி.எஸ்., சந்தையை மேற்பார்க்கும் பிணையங்கள் ஆணைக்குழு மூன்றுக்கும். விற்கும்போதும் அதே வீதம். ஆகவே விலை இரண்டே கால் வீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட காசே கைக்கு வரும். நமக்கு லாபமோ நட்டமோ, மாறும் ஒவ்வொரு தடவையும் தரகருக்குக் கூலி உண்டு. கடனுக்கு வாங்கித் தருகிறோம் என்றும் கேட்டார். சம்பளக்காரர் யாரும் அதற்குத் தலையாட்டக் கூடாது. விலை இறங்கினால் நம்மைக் கேட்காமலே விற்றுக் கடனை எடுப்பார்கள். வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். கோல் நின்றது.

சந்தை ஒன்பதரைக்குத் திறந்து இரண்டரைக்கு மூடும். அதில் பெரும்பகுதி நேரம் நான் பாடசாலையில். அதனால் காலையிலேயே என் விலையைக் குறித்து ஒடர் போட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறேன். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அன்றோடு போகட்டும். விலை குறிக்காமல், சந்தை விலைக்கு என்று மட்டும் போடாதீர்கள். சிறிய கம்பனிகளில் வாங்குபவர் 38.50 கேட்பார், விற்பவர் 41.20 சொல்வார், நடுவில் ஆளே இருக்காது. கடைசியாகப் போன விலை 39 என்று திரையில் காட்டினாலும் உங்களுக்கு விழுவது 41.20தான். கம்பனிப் பெயரோடு வரும் பங்கின் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வங்கிக்கு என்.0000 என்றும் எக்ஸ்.0000 என்றும் இரண்டு பங்கு இருக்கும். எக்ஸ் என்றால் வாக்குரிமை இல்லை. விலையும் வேறு.

விற்ற காசு அன்றே வராது, இரண்டாவது சந்தை நாளில்தான் வரும். வியாழன் விற்று வெள்ளி போயா லீவு என்றால் செவ்வாய்தான். பிள்ளையின் கட்டணம், சீட்டுக் காசு என்று நாள் குறித்த செலவை இதை நம்பி வைக்காதீர்கள். பங்கிலாபத்தில் 15 வீதம் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வரும்.

காசு கட்டும்போது தரகர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ஆலோசகரின் சொந்தக் கணக்கு இலக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிறுவனத்தின் பெயர் பங்குச் சந்தையின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். வாங்கிய பிறகு தரகரின் ஆப்பில் தெரிகிறது என்று விட்டுவிடாமல், சி.டி.எஸ். கணக்கை இணையத்தில் பார்க்கும் ஈ-கனெக்டிலும் நுழைந்து, அதே எண்ணிக்கை உங்கள் பெயரில் நிற்கிறதா என்று சரிபாருங்கள். நான் மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு சேர்த்து அந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கோவையில் போடுகிறேன்.