சக்கரத்துப் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்

இன்று காலை வேனின் பின்கதவைத் திறந்ததும் சரக்கு ஏற்றிய ஒரு ட்ராலி என்னை நோக்கி உருண்டு வந்தது. கதவுக்குப் பக்கவாட்டில் நின்றதால் தப்பித்தேன். அதன் சக்கரத்தில் பிரேக் போட்டுத்தான் இருந்தது. அதைக் கட்டியிருந்த பெல்ட்தான் தளர்ந்துபோயிருந்தது.

அந்தச் சின்னப் பிரேக், வண்டி நிற்கும்போது ட்ராலியைப் பிடிக்கத்தான். ஓடும்போது அதை நம்பவே கூடாது. சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம், பிரேக் அடித்தால் எடையில் 80 விழுக்காடு அளவு விசை முன்னோக்கித் தள்ளும் என்று கணக்கு வைக்கிறது. 400 கிலோ ட்ராலி என்றால் 320 கிலோ. தாங்குமா அது? ட்ராலிகளை முன்சுவரோடு இடைவெளி இல்லாமல் நெருக்கி நிறுத்தி, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைப் பக்கச்சுவர்க் கம்பியில் மாட்டி இறுக்குங்கள். கனமான பெட்டிகள் கீழ்த்தட்டில். கொஞ்ச தூரம் ஓட்டியதும் நிறுத்தி, பெல்ட்டை விரலால் இழுத்துப் பாருங்கள். குலுங்கலில் சரக்கு அமர அமர அது தளரும்.

இறக்கும்போது வண்டி சமதரையில் நிற்கட்டும். வண்டியின் பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் மேடையான டெயில் லிஃப்டில் ட்ராலியை ஏற்றியதும் ஓரத் தடுப்பு நிமிர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம், சாய்கிற ட்ராலியைத் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள். விலகிவிடுங்கள், விழட்டும். உடைந்த சரக்குக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று என்னோடு வரும் தம்பியிடம் இன்றே சொல்லிவிட்டேன்.