பாலம் கடந்து வரும் குளியலறை

சிங்கப்பூரில் நாங்கள் கட்டும் அடுக்குமாடிகளுக்குக் குளியலறை லாரியில் வருகிறது. தரை, சுவர், டைல்ஸ், பீங்கான், கண்ணாடி, துண்டு மாட்டும் கம்பி வரை எல்லாம் பொருத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒற்றைப் பெட்டி. கிரேன் அதைத் தூக்கி மாடியில் வைக்கும். மட்டம் பார்த்துக் குழாய்களை இணைத்துவிட்டால் முடிந்தது. காலையில் வந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது சூப்பர்வைசரான என் வேலைகளில் ஒன்று.

நான் 2008-ல் வேலை அனுமதியில் வந்தபோது ஒரு குளியலறைக்கு மூன்று வாரம் பிடிக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்மாடிக் கூரையை அண்ணாந்து பார்ப்போம். ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ்காரர்கள் உள்ளே போவார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவரை எல்லோரும் ‘டைல்ஸ் அண்ணன்’ என்போம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2009-ல் ஏஜென்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டி வந்து சேர்ந்தார். ரசமட்டத்தை அவர் அவ்வளவாக நம்பமாட்டார். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, அது வடிகாலை நோக்கி எப்படி ஓடுகிறது என்று குந்தியபடியே பார்ப்பார். வாட்டம், அதாவது தரையின் சரிவு, ஓரிடத்தில் தயங்கினால் அந்தக் கல்லைப் பெயர்ப்பார். ஒருமுறை பொறியாளர் சரி என்று சொல்லிவிட்டுப் போன சுவரில், சட்டைப் பையிலிருந்த 50 காசு நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. மூன்று கற்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். உடைத்துப் பார்த்தோம். மூன்றுக்கும் பின்னால் பசை பிடிக்காமல் உள்ளே பொள்ளலாக இருந்தது.

அந்தக் காதுக்குச் சான்றிதழ் கிடையாது. சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்ட வேண்டும். நாங்கள் லெவி என்போம். கட்டுமானத் துறையில் 2024 முதல் உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத்திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. முன்பு தொகைகள் வேறு, ஆனால் இடைவெளி அப்போதும் உண்டு. நான் வந்த புதிதில் என் நாள் சம்பளம் 16 வெள்ளி. கையில் வாங்கும் கூலிக்குப் பக்கத்தில் நிற்கிறது, அவனை வைத்திருப்பதற்கான வரி. ஆளைக் குறை, இயந்திரத்தை வாங்கு, இருப்பவனைப் படிக்கவை என்று முதலாளிக்கு மாதாமாதம் சொல்லிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது. திட்டம் போட்டவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சிறிய நாடு. ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருக்க முடியாது.

உயர்திறன் பட்டியலில் ஏற அண்ணனுக்கு இரண்டாவதாக ஒரு தொழிலில் சான்றிதழ் வேண்டியிருந்தது. குழாய் வேலை என்று முடிவு செய்தார். டார்மிட்டரியில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் உட்கார்ந்து நான் கேள்விகளை வாசிப்பேன், அவர் பதில் சொல்வார். செய்முறையில் அவரை யாரும் தொட முடியாது. எழுத்துத் தாளில் இரண்டு முறை தவறினார். மூன்றாம் முறை எழுதக் கம்பெனி பணம் தரவில்லை. அடிப்படைத்திறன் ஊழியர் இங்கே வேலை செய்ய அப்போது 14 ஆண்டுதான் உச்சவரம்பு என்பதால், 2023-ல் விமானம் ஏறினார்.

படிப்புக்கு இன்னொரு முகமும் என் அணியிலேயே இருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து வந்த பையன், மெக்கானிக்கல் பொறியியல் பட்டதாரி. ஊரில் கிடைத்த சம்பளத்தில் கல்விக்கடன் வட்டிகூட அடையவில்லை என்று இங்கே கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிறான். லெவிக் கணக்கில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லை. அவனும் 900 வெள்ளிதான். கையில் டேப்லெட்டோடு பெட்டியின் குறியீட்டை ஸ்கேன் செய்யும் உள்ளூர் இளைஞன் பாலிடெக்னிக்கில் படித்தவன், கெட்டிக்காரன். அவன் வயதில் எந்தச் சிங்கப்பூர்ப் பிள்ளையும் டைல்ஸ் பதிக்க வந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு செலவழித்துப் பள்ளி நடத்தும் நாட்டில் அது எதிர்பார்க்க வேண்டியதும் இல்லை.

சரி, இயந்திரம் வந்துவிட்டதா? துவாஸ் துறைமுகத்தில் வந்திருக்கிறது. அங்கே கொள்கலன்களை ஓட்டுநர் இல்லாத வண்டிகள் இழுத்துப் போகின்றன. எங்கள் பெட்டியும் அந்த வகைதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் தரச் சோதனைக்காகப் பாலம் கடந்து மலேசியாவின் ஜோகூரில் உள்ள தொழிற்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

நீளமான கொட்டகை. வரிசையாகக் கூரையில்லாப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர் முழங்காலிட்டு, கரண்டியால் பசை தடவி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும். மேலே மின்விசிறி, மழை கிடையாது, ஏணி கிடையாது. உயரத்திலிருந்து விழும் பயமும் இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் எங்கள் தளத்தைவிட அது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை அதே வேலை, அதே கை. சிங்கப்பூரின் கணக்கில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள், உற்பத்தித்திறன் கூடியிருக்கிறது. 2019-ல் கட்டி முடித்த கிளமென்ட் கேனபி என்ற 40 மாடி இரட்டைக் கட்டடத்தை 1,899 அறைப் பெட்டிகளை அடுக்கியே எழுப்பினார்கள். அவற்றின் கான்கிரீட் கூடுகளும் ஜோகூரின் செனாயில் வார்க்கப்பட்டவைதான். லெவி விரட்டிய வேலையில் ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போனது. மீதி, கூலி குறைந்த கரைக்குப் போனது. இந்த இரண்டாவதைக் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கூடத்தில் ஒரு நேப்பாளி இளைஞனிடம் நாணயத்தை நீட்டி, தட்டிப் பார் என்று சைகை காட்டினேன். சிரித்துவிட்டுச் சுத்தியலின் பிடியைத் திருப்பி, அதனாலேயே தட்டிக் காட்டினான். அவன் காதும் தேர்ந்த காதுதான்.

2025 ஜூலையில் மனிதவள அமைச்சு அந்த ஆண்டுக்கணக்கு உச்சவரம்பை எடுத்துவிட்டது. வயது வரம்பையும் 63-க்கு உயர்த்தியது. செய்தி புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. அண்ணன் போன் செய்தார்.

“தம்பி, இப்போது திரும்ப வரலாமாமே. எனக்கு 52தான் ஆகிறது. உன் கம்பெனியில் டைல்ஸுக்கு ஆள் எடுக்கிறார்களா?”

லாரியைப் பற்றிச் சொன்னேன். தூக்கும்போது உடையும் ஓரிரு கற்களை மாற்றத்தான் இங்கே இப்போது டைல்ஸ்காரர் தேவைப்படுகிறார், அதற்கு ஒரே ஒருவர் போதும் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னணியில் அவர் பேத்தி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

“பெட்டிக்குள் வாட்டம் சரியாக வைக்கிறார்களா?”

“வைக்கிறார்கள் அண்ணே. நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.”

“அப்படியானால் தெரிந்த ஆட்கள்தான்” என்றார். “ஜோகூரில் அந்த இடத்துக்கு ஏஜென்ட் யார் என்று கேட்டுச் சொல்கிறாயா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை லாரி வரும். ஓட்டுநரிடம்தான் கேட்க வேண்டும்.